சீலா என்றால் எந்த மீன்?

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததுமே ஒரு சண்டை. நாள் நன்றாகத் தொடங்கியது.

'மீனகம்' உதவி மையத்துக்கு வருகிற மடல்கள் இரண்டு ரகம். கடவுச்சொல்லை மறந்தவர்கள் ஒரு ரகம். எங்கள் தளம் சொன்ன பதில் பிடிக்காதவர்கள் இன்னொரு ரகம். இரண்டு கூட்டத்துக்கும் பதில் சொல்ல இந்த ஆபீஸில் இருக்கிற ஒரே ஆள் ஜெசிந்தா மோத்தா. அதாவது நான். நம் கடல் மீன்களின் மரபணு வரிசைகளை எல்லாம் சேர்த்து வைத்திருக்கிற இணையதளம் இது. ஆராய்ச்சி செய்கிறவர்கள் தங்களிடம் இருக்கிற வரிசையை ஒட்டித் தேடினால், இது இன்ன மீன் என்று நொடியில் சொல்லிவிடும். சொல்கிறது தளம், திட்டு வாங்குகிறது நான்.

இன்றைக்குச் சண்டைக்கு வந்தவள் கோகிலவாணி. திருச்சியில் பிஎச்.டி. பண்ணுகிறாளாம். "நான் பாரகுடா மீனின் வரிசையைப் போட்டால் உங்கள் தளம் பாரகுடா இல்லை என்கிறது. தளத்தில் பிழை உள்ளது. உடனே சரிசெய்யவும்." உடனேயாம்! "எங்கள் தளம் அப்படிப் பிழையாகச் சொல்வதில்லை. உங்கள் சோதனைக் குழாய்களில் லேபிள் மாறியிருக்கிறதா என்று பார்க்கவும்" என்று பதில் போட்டேன். மரியாதையாகத்தான் எழுதினேன். கொஞ்சம் சூடு இருந்திருக்கலாம்.

உமாபதி சாரிடம் சொன்னால், "பார்க்கலாம்மா" என்றார். எங்கள் மையத்தின் தலைவர். சர்வர் எரிந்தாலும் "பார்க்கலாம்மா"தான். ஜூனில் ரிட்டயர் ஆகிறார். எக்ஸ்டென்ஷன் வாங்க அலைகிறார் என்று ஆபீஸே பேசுகிறது. ஒரு நீல ஃபைலை இடுக்கிக்கொண்டு நிர்வாகக் கட்டடத்துக்குப் போகிறதும் வருகிறதுமாக இருக்கிறார். அந்த வேகத்தைத் தளத்துக்குக் காட்டினால் எங்கேயோ போயிருப்போம்.

மார்ச் 9 மதிப்பீட்டுக் கமிட்டி வருகிறது. என்னுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறதும் அவர்கள் கையில்தான். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

பிப்ரவரி 5, வியாழன்

கோகிலவாணி போன் பண்ணினாள். முந்தாநாள் எழுதின பதிலுக்குச் சண்டை போடப் போகிறாள் என்று நானும் தயாராகத்தான் எடுத்தேன். எடுத்ததும் அழுகை.

"மேடம், எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலீங்க. எங்க கைடு தீசிஸ்ல அந்தச் சேப்டரையே எடுத்துரச் சொல்லிப்போட்டாருங்க. அது போச்சுன்னா மிச்சம் ஒண்ணுமே இல்லீங்க. மார்ச் பத்துக்குள்ள சப்மிட் பண்ணோணும். அதுக்கு மேல டைம் கிடையாதுங்க. ரெண்டு தடவ நீட்டிச்சாச்சு."

விஷயம் இதுதான். மீன் சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டுகிற ஆட்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு எந்த மீனின் எந்தப் புரதம் ஆகவில்லை என்று பார்க்கிறாள். அந்தப் புரதத்தின் மரபணுவைப் பாரகுடாவில் எடுத்துப் படித்திருக்கிறாள். ஆனால் எங்கள் தளத்தில் உள்ள பாரகுடாவோடு அது பொருந்தவில்லை. கைடு அடித்த கமெண்ட் வேறு: "கடலே இல்லாத கவுந்தப்பாடிக்காரிக்கு மீன் தெரியுமா? மார்க்கெட்ல ஏமாத்தி வேற எதையோ குடுத்திருப்பான்."

"மீனைப் போட்டோ எடுத்தியா?"

"எடுத்தனுங்க. தலையிலேர்ந்து வால் வரைக்கும்."

வாட்ஸப்பில் அனுப்பினாள். தூத்துக்குடியில் பிறந்த எவளுக்கும் இரண்டாவது பார்வை வேண்டாம். நீட்டு வாய், துருத்தின கீழ்த்தாடை, ஊசிப் பல். பாரகுடாவேதான். எங்க ஊர்ப் பேச்சில் ஊளி.

"ஏ பிள்ள, மீன் சரிதான். அழாத. நான் பார்க்கேன்" என்று வைத்தேன். மீன் சரி என்றால் தப்பு எங்கே? அவள் குழாயில்தான் இருக்கும். வேறு எங்கே இருக்க முடியும்?

பிப்ரவரி 6, வெள்ளி

ஒப்பந்தப் புதுப்பிப்புக் கடிதம் இன்னும் வரவில்லை. நான் தேடிப் பார்க்கவில்லை, இன்பாக்ஸில் தற்செயலாகக் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

பிப்ரவரி 11, புதன்

வாணி எல்லாக் குழாயையும் திரும்பச் செய்தாள். மறுபடியும் அதே வரிசை. குழாயில் தப்பு இல்லை.

உலகத்துக்கே பொதுவான பெரிய தளம் ஒன்று வெளிநாட்டில் இருக்கிறதே, அதிலும் தேடினேன். அங்கேயும் இவள் வரிசை பாரகுடா இல்லை என்றுதான் வருகிறது. இரண்டு இடத்திலும் ஒரே பதில் என்றால் தளம் சரிதானே. ஆனால் போட்டோவில் இருக்கிறது ஊளி. மண்டை காய்கிறது.

இதற்கு நடுவில் வீட்டில் பாத்திரம் கழுவுகிற தொட்டி அடைத்துக்கொண்டது. பிளம்பர் வருகிறேன் வருகிறேன் என்று வரவே இல்லை. நானே குச்சியை விட்டுக் குடைந்து சரிபண்ணினேன். லாவண்யா கைதட்டினாள். என்கூட வீட்டைப் பகிர்ந்துகொண்டிருக்கிற வங்கிக்காரி. கைதட்டத் தெரிந்த அளவுக்கு வேறு வேலை தெரியாது.

பிப்ரவரி 15, ஞாயிறு

மார்க்கெட்டில் மானம் போனது. எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஆத்திரம் அடங்காது.

புதன்கிழமையோடு தவக்காலம் தொடங்குகிறது, அதற்கு முன்னால் நல்ல மீனாக ஒரு குழம்பு வைப்போம் என்று சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனேன். எப்போதும் லாவண்யாதான் வாங்கி வருவாள். வழக்கமான கடை என்று அவள் சொன்ன அக்காவிடம், "சீலா ஒரு கிலோ வெட்டிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு, அம்மாவிடமிருந்து போன் வர அந்தப் பக்கம் போனேன். திரும்பி வந்தால் பை தயார். வீட்டில் வந்து பிரித்தால் ஊளி! தலை கூடப் பையில் இருந்தது, பல்லைக் காட்டிக்கொண்டு.

விடுவேனா? ஆட்டோ பிடித்துப் போய் நின்றேன். "என்னக்கா இது, ஏமாத்துறீங்களா? சீலா கேட்டா ஊளியக் குடுக்கீங்க?"

"இன்னாம்மா நீ, காலங்காத்தால கலாட்டா பண்ணிக்கினு. ஷீலா கேட்ட, ஷீலா குடுத்தேன். இதான் ஷீலா."

"இதுவா சீலா? சீலான்னா இந்தா இருக்கு" என்று பக்கத்துத் தட்டில் கிடந்த பெரிய மீனைக் காட்டினேன்.

"அய்ய, அது வஞ்சிரம்மா! எந்த ஊரு நீ? வஞ்சிரத்துக்கும் ஷீலாவுக்கும் வித்தியாசம் தெரியாம மீன் வாங்க வந்துகீற."

சுற்றி நின்ற சனம் சிரித்தது. கடற்கரையில் பிறந்து வளர்ந்த என்னைப் பார்த்து! முகம் சிவந்து வீட்டுக்கு வந்து ஊளியையே குழம்பு வைத்தேன். லாவண்யா, "ஷீலா சூப்பர்டி ஜெஸ்ஸி" என்று மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டாள். அவளையும் நாலு திட்டுத் திட்டினேன்.

பிப்ரவரி 16, திங்கள்

பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். சைதாப்பேட்டை சிக்னலில் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. எழவே, சீலா!

ஓடி வந்து தளத்தைத் திறந்தேன். பாரகுடாவுக்கு இந்த மரபணுவில் எங்களிடம் ஒன்பது பதிவு இருக்கிறது. ஒன்பதும் ஒரே ஆய்வுக்கூடம் கொடுத்தது. பதிவின் மேல்பகுதியில் அறிவியல் பெயர், வரிசை எல்லாம் இருக்கும், எல்லாரும் அதோடு நின்றுவிடுவார்கள். நானும் நின்றிருந்தேன். பக்கத்தின் அடியில் இறங்கிப் பார்த்தேன். உள்ளூர்ப் பெயர்: சீலா. சேகரித்த இடம்: தூத்துக்குடி.

தூத்துக்குடியில் சீலா என்றால் மெட்ராஸ்காரர்கள் சொல்லுகிற வஞ்சிரம். பாரகுடா இல்லவே இல்லை. யாரோ மெட்ராஸில் உட்கார்ந்துகொண்டு, எங்க ஊரிலிருந்து வந்த சீலாவுக்கு மெட்ராஸ் ஷீலாவின் அறிவியல் பெயரைப் போட்டிருக்கிறார்கள். எங்கள் தளத்தில் பாரகுடா என்று இருக்கிற அத்தனையும் வஞ்சிரம். பாவம் வாணி, அசல் பாரகுடாவை வைத்துக்கொண்டு அழுகிறாள்.

அப்படியென்றால் வெளிநாட்டுத் தளம்? அதையும் போய்த் தோண்டினேன். அவர்கள் வைத்திருக்கிறது எங்களிடமிருந்து எடுத்துக்கொண்ட அதே ஒன்பது! இரண்டு சாட்சி என்று நினைத்தேனே, இரண்டும் ஒரே வாய்.

உமாபதி சாரிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். பதிவைக் கொடுத்தது யார் என்று கேட்டார். பேராசிரியர் ராஜமன்னாரின் கூடம் என்றேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ராஜமன்னார்தான் மார்ச் 9 கமிட்டிக்குத் தலைவர்.

"பார்க்கலாம்மா" என்றார்.

எனக்குத் தெரியாதா எதற்கு என்று? கமிட்டித் தலைவரைப் பகைத்தால் எக்ஸ்டென்ஷன் கோவிந்தா.

பிப்ரவரி 18, புதன்

காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு அப்படியே ஆபீஸ். தவக்காலத்தில் கோபத்தை விடுவதாகப் பங்குச் சாமியாரிடம் சொல்லியிருந்தேன். பதினோரு மணி வரை தாங்கியது.

கொடுத்தவர் சம்மதித்தால்தான் பதிவைத் திருத்த முடியும். அதனால் ராஜமன்னாருக்கே போன் போட்டேன். நேரடியாக. உதவி மையத்திலிருந்து பேசுகிறேன் என்று சொல்லி, பணிவாகத்தான் ஆரம்பித்தேன்.

"பாரும்மா," என்றார், "அந்த வேலை என் மேற்பார்வையில நடந்தது. தூத்துக்குடியிலேருந்து ஐஸ் பெட்டியில சதைத் துண்டு வந்துது. ஒவ்வொரு குப்பியிலயும் சீலான்னு தெளிவா எழுதியிருந்தது. சீலான்னா பாரகுடா. நான் பொறந்தது ராயபுரம். எனக்கு மீன் தெரியாதா?"

"முழு மீனா வந்துச்சுங்களா சார், இல்ல துண்டு மட்டுமா?"

"துண்டுதான். எதுக்குக் கேக்கற?"

"சார், தூத்துக்குடியில சீலான்னா..."

"ஒரு பொண்ணு தீசிஸ் முடிக்க முடியலங்கறதுக்காக என் பசங்களோட வேலையத் தப்புங்கறியா? அந்தப் பதிவுகள வெச்சு ஒருத்தன் டாக்டரேட் வாங்கி வெளிநாட்டுல இருக்கான். கமிட்டிக்கு வரும்போது பேசுவோம்." வைத்துவிட்டார்.

தன் வாயாலேயே காரணத்தைச் சொல்லிவிட்டு, அதுதான் காரணம் என்று தெரியாமலே வைத்துவிட்டார். சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

சம்மதம் இல்லாவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. சரிபார்ப்பாளர், அதாவது சாரோ நானோ, ஆதாரத்தோடு பதிவின் தலையில் சிவப்புப் பட்டையாக ஒரு ஐயக்குறிப்பு போடலாம். போடுகிறவர் பெயர் அதில் இருக்கும். என் பெயர் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். நான் யாருக்குப் பயப்பட வேண்டும்?

பிப்ரவரி 20, வெள்ளி

சிந்தாதிரிப்பேட்டை அக்காவிடமே போனேன். இரண்டு மீனும் முழுசாக வேண்டும் என்றேன். "இன்னிக்கு எந்தப் பேரு சொல்லப் போற?" என்று கேட்டார். "ரெண்டு பேரும்" என்றேன். நல்ல சிரிப்பு. போட்டோ எடுத்து, துண்டு வெட்டி, வரிசை எடுத்துத் தருகிற கூடத்துக்கு அனுப்ப அனுமதி கேட்டு சாரிடம் நீட்டினேன்.

சார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மெட்ராஸ் மீன் மட்டும் போதாதும்மா. உங்க ஊர்லேருந்தும் ரெண்டையும் முழு மீனா வரவழைங்க. ஊர் ஆளுங்க அதை என்ன பேர் சொல்றாங்கன்னு வீடியோவும் வேணும்."

இழுத்தடிக்கிறதுக்கு ஒரு சாக்கு! அதற்கு நாலு நாள் ஆகும். ஆனாலும் கையெழுத்துப் போட்டுவிட்டார், அதுவரைக்கும் சரி.

அம்மாவுக்குப் போன் பண்ணினேன். "ஏட்டி, மெட்ராஸ்ல மீனு இல்லாமயா எங்கிட்ட கேக்க?"

"ஆராய்ச்சிக்கும்மா. சீலா ஒண்ணு, ஊளி ஒண்ணு. தம்பியை வீடியோ எடுக்கச் சொல்லு. விக்கிறவரு பேரைச் சொல்லணும்."

"சீலாவை வெட்டி ஆராய்ச்சி பண்ணுவாளாம்! குழம்பு வைக்கிற மீனுட்டி அது." ஆனாலும் மறுநாளே பஸ்ஸில் ஐஸ் பெட்டி போட்டுவிடுகிறேன் என்றார்கள். கூடவே கருவாடும். கருவாடு ஆராய்ச்சிக்கு இல்லை.

பிப்ரவரி 27, வெள்ளி

வந்துவிட்டது! ஜெசிந்தா, நீ கெட்டிக்காரி!

இரண்டு ஊர் ஊளியும் வாணியின் வரிசையோடு அச்சு அசலாகப் பொருந்துகிறது. இரண்டு ஊர் வஞ்சிரமும் ராஜமன்னாரின் ஒன்பது 'பாரகுடா'வோடு பொருந்துகிறது. வீடியோவில் எங்க ஊர் மீன்காரர் பெரிய மீனைத் தூக்கிக் காட்டி, "இது சீலா, வேற என்ன, உனக்குத் தெரியாதாடே?" என்று தம்பியைத் திட்டுகிறார். சார் கேட்ட வீடியோ இப்படி வந்து உதவும் என்று நினைக்கவில்லை. அவரும் நினைத்திருக்க மாட்டார்.

ஒரே மூச்சில் ஐயக்குறிப்பை எழுதி முடித்தேன். கீழே என் பெயர். பொத்தானை அமுக்கப் போகிற நேரம் சார் பின்னால் வந்து நின்றார்.

"அதை எனக்கு அனுப்புங்கம்மா. நீங்க போட வேண்டாம்."

"ஏன் சார்?"

"திங்கக்கிழமை பார்க்கலாம்."

"சார், அந்தப் பிள்ளைக்கு மார்ச் பத்து கடைசி நாள்!"

"தெரியும்மா. அனுப்புங்க."

அனுப்பினேன். பயந்தாங்கொள்ளி. சத்தியமாகச் சொல்கிறேன், இப்படி ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. திங்கட்கிழமை அவர் போடாவிட்டால் அவரைக் கேட்காமல் நானே போடப்போகிறேன்.

மார்ச் 2, திங்கள்

ஆபீஸுக்கு வந்தால் குறிப்பு ஏற்கெனவே ஏறியிருக்கிறது! ஒன்பது பதிவின் தலையிலும் சிவப்புப் பட்டை. நான் எழுதின அதே வாசகம், அதே ஆதாரம், ஒரு எழுத்து மாறவில்லை. மாறினது ஒன்றே ஒன்று. 'சரிபார்த்தவர்: முனைவர் வே. உமாபதி.'

என் பெயர் எங்கேயுமே இல்லை.

மீனை வாங்கினது நான், வெட்டினது நான், ராஜமன்னாரிடம் பேச்சு வாங்கினது நான். பெயர் அவருக்கு. முட்டை கூடத் தொடாத ஆளுக்கு! வேலையெல்லாம் ஒருத்தி செய்ய, ரிட்டயர் ஆகிற நேரத்தில் ஒரு கண்டுபிடிப்பைத் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறார். டிபன் டப்பாவை மேசையில் வைத்த வைப்பில் ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

மத்தியானம் வாணி போன். "அக்கா! கைடு ஒத்துக்கிட்டாருங்க! சிவப்புப் பட்டையைப் பாத்துப்போட்டு, 'பொண்ணு சரியாத்தான் பண்ணியிருக்கு'ன்னாருங்க. பத்தாந்தேதி சப்மிட் பண்ணிருவனுங்க. அந்த உமாபதி சாருக்கு நான் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலீங்க."

"நல்லது வாணி" என்றேன். வேறு என்ன சொல்ல?

மார்ச் 4, புதன்

பேசவில்லை. சார் காபி வாங்கி வைத்தார். ஆறிப்போகும் வரை தொடவில்லை. அப்புறம் குடித்தேன், காபி என்ன பாவம் பண்ணியது.

மார்ச் 6, வெள்ளி

கமிட்டிக்கு டீ, சமோசா அனுமதி வாங்க நிர்வாகக் கட்டடத்துக்குப் போனேன். அங்கே சூப்பிரண்டெண்ட் பத்மாவதி மேடம் என்னைப் பார்த்ததும், "உங்க சார் தொல்லை தாங்கலம்மா" என்றார். "ஜனவரிலேருந்து உன் ஃபைலைத் தூக்கிக்கிட்டு வாரம் ரெண்டு தடவை வந்து நிக்கறார்."

"என் ஃபைலா? எக்ஸ்டென்ஷன் ஃபைல்தானே மேடம்?"

"யாருக்கு எக்ஸ்டென்ஷன்? அவர் கேக்கவே இல்லையே. ஜூன்ல போயிடறேன், இந்தப் பொண்ணோட ஒப்பந்தத்தை மட்டும் மூணு வருஷமாப் போட்டுக் குடுங்க, வருஷா வருஷம் அவ வாசல்ல நிக்கக் கூடாதுன்னு ஒரே பிடிவாதம். எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. கமிட்டித் தலைவர் ஒருத்தர்தான் பாக்கி. திங்கக்கிழமை போட்டுடுவார்."

நீல ஃபைல் அவர் மேசையில் இருந்தது. மேலே என் பெயர்.

சமோசாவுக்கு அனுமதி வாங்காமலே வந்துவிட்டேன். மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். ராஜமன்னார் கையெழுத்துப் போட வேண்டிய ஃபைலில் என் பெயர் இருக்கிறது. அதனால்தான் ராஜமன்னாரைக் கோபப்படுத்துகிற குறிப்பில் என் பெயர் இருக்கக் கூடாது என்று பார்த்திருக்கிறார். நான் அவர் முகத்துக்கு நேரே டப்பாவை ணங்கென்று வைத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. ரொம்ப வெட்கமாக இருக்கிறது.

திரும்பிப் போய்க் காபி வாங்கி அவர் மேசையில் வைத்தேன். "கமிட்டிக்குச் சமோசா சொல்லியாச்சா?" என்று கேட்டார்.

மார்ச் 9, திங்கள்

எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் சார் என்னைக் கூப்பிட்டார். "நீங்க ப்ரொஜக்டரைப் பாத்துக்கிட்டாப் போதும். இன்னிக்கு மட்டும் வாயைத் திறக்காதீங்கம்மா. எனக்காக." சரி சார் என்றேன். மனசார வாக்குக் கொடுத்தேன்.

கமிட்டி வந்தது. ராஜமன்னார் நடுவில். நல்ல உயரம், நல்ல சட்டை, போனில் கேட்ட அதே குரல். தளத்தை யார் யார் பயன்படுத்துகிறார்கள், எத்தனை நாட்டிலிருந்து தேடுகிறார்கள் என்று சார் விளக்கினார். நான் பக்கம் பக்கமாக நகர்த்தினேன். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் ராஜமன்னார், "பாரகுடா பக்கத்தைத் திற" என்றார்.

திறந்தேன். சுவர் முழுக்கச் சிவப்புப் பட்டை.

"இதை யார் போட்டது?"

"நான்தான் சார்" என்றார் உமாபதி சார்.

"உமாபதி, நீங்க முட்டை கூடச் சாப்பிட மாட்டீங்க. உங்களுக்கு மீன் தெரியுமா?" கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். "அந்த ஆதாரப் போட்டோவைப் போடும்மா. ரெண்டு மீன் இருக்கில்ல, உமாபதி, இதுல எது பாரகுடா? சொல்லுங்க."

சார் எழுந்து திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். அவர் கம்ப்யூட்டர் படித்தவர். வாழ்நாளில் ஒரு மீனைக் கையால் தொட்டதில்லை. மேலேயா கீழேயா என்று அவருக்குத் தெரியவில்லை.

"எனக்குத் தெரியாது சார்," என்றார். "ஆனா ஆதாரம் சரியா இருக்கு. போட்டது நான்தான்."

"மீன் தெரியாதவர் போட்ட குறிப்பு எப்படி நிக்கும்? இன்னிக்கே எடுத்துடுங்க. ஒரு நிபுணர் குழு போட்டுப் பார்க்கச் சொல்லலாம். ஆறு மாசத்துல அறிக்கை வரட்டும்."

நாளைக்குப் பத்தாம் தேதி. அந்தப் பட்டையைப் பார்த்துத்தான் வாணியின் கைடு ஒத்துக்கொண்டிருக்கிறார். இன்றைக்கு எடுத்தால் நாளைக்கு அவள் சேப்டர் போச்சு, படிப்பே போச்சு. என்னைக் காப்பாற்றச் சார் தன் பெயரைப் போட்டார். அந்தப் பெயராலேயே குறிப்பு விழப் போகிறது. பக்கத்து மேசையில் நீல ஃபைல், கையெழுத்துக்காகத் திறந்து வைத்திருக்கிறது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் மூன்று வருஷம். வாக்கு வேறு கொடுத்திருக்கிறேன்.

மாதாவே, என் வாய் எப்போதும் என்னைக் கேட்டுவிட்டுத் திறந்ததே இல்லை.

"கீழ இருக்கிறதுதான் பாரகுடா சார்" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். சார், "ஜெசிந்தாம்மா" என்றார். நான் நிறுத்தவில்லை.

"வாய் நீளம், கீழ்த்தாடை முன்னால வந்திருக்கு. முதுகுத் துடுப்பு ரெண்டும் தள்ளித் தள்ளி இருக்கு. எங்க ஊர்ல ஊளி. மேல இருக்கிறது வஞ்சிரம். வால் பக்கம் குட்டிக் குட்டியாத் துடுப்பு பாருங்க. எங்க ஊர்ல இதுக்குப் பேருதான் சீலா. உங்க பெட்டியில வந்தது இது."

"நீ யாரும்மா?"

"குறிப்பை எழுதினவ. ஜெசிந்தா மோத்தா, தூத்துக்குடி. போன்ல உங்ககிட்ட பேசினது நான்தான். ஆதாரம் எல்லாம் நான் எடுத்தது. சார் என்னைக் காப்பாத்தறதுக்காகத் தன் பேரைப் போட்டுக்கிட்டாரு. சார், குப்பியில சீலான்னு எழுதினவரும் தப்பா எழுதல. நீங்களும் தப்பாப் படிக்கல. ஊர் மாறினதுல மீன் மாறிப்போச்சு. அவ்வளவுதான்."

ராஜமன்னார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி எடுத்த வீடியோவை ஓட்டினேன். மீன்காரர் சீலாவைத் தூக்கிக் காட்டித் திட்டினார். ஒருவரும் சிரிக்கவில்லை.

"முழு மீனை நாங்க யாருமே பார்க்கல" என்றார் ராஜமன்னார், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி. பிறகு என்னைப் பார்த்தார். "குறிப்புல உன் பேர் இல்லையே."

"இப்ப போடறேன் சார்."

எல்லார் முன்னாலும், சுவரில் பெரிசாகத் தெரிய, எழுத்து எழுத்தாகத் தட்டினேன். மோத்தாவில் ஒரு எழுத்துத் தப்பாகப் போனது. அழித்துத் திரும்ப அடித்தேன். சேமித்தேன்.

"சரி. இருக்கட்டும்" என்றார் ராஜமன்னார். "அடுத்த பக்கம்."

கூட்டம் முடிந்தது. எல்லாரும் சமோசா சாப்பிட்டார்கள். ராஜமன்னார் நீல ஃபைலை மூடி, "இது அப்புறம்" என்று பத்மாவதி மேடத்திடம் கொடுத்துவிட்டுப் போனார்.

உமாபதி சாருக்குக் கோபம் வந்து இன்றைக்குத்தான் பார்த்தேன். "வாக்குக் குடுத்தீங்களே! ஒரு கையெழுத்தும்மா. ஒரே ஒரு கையெழுத்து பாக்கி."

"என் பேர் இல்லாம அது நின்னிருக்காது சார்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "எனக்கு மீன் தெரிஞ்சிருந்தா நின்னிருக்கும்" என்றார்.

இந்த மனுஷனையா நான் பயந்தாங்கொள்ளி என்று எழுதினேன்.

மார்ச் 10, செவ்வாய்

நாலு மணிக்கு வாணி போன் பண்ணினாள். "அக்கா, சப்மிட் பண்ணிப்போட்டனுங்க! முத்திரை குத்திக் குடுத்துட்டாங்க. குறிப்புல உங்க பேரும் இருக்குதுங்களே. நீங்கதான்னு ஏனுங்கக்கா எங்கிட்ட சொல்லவே இல்ல?"

அவள் அந்தப் பக்கம் அழ, நான் இந்தப் பக்கம் அழ, லைனில் இருந்த சத்தத்துக்கு எங்கே யார் அழுகிறார்கள் என்றே தெரியவில்லை. உமாபதி சார் எட்டிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

சந்தோஷத்தில் அழுதேன் என்றுதான் வாணியிடம் சொன்னேன். அது உண்மை. வேலை போகப் போகிறதே என்றும் அழுதேன். அது இங்கே மட்டும். ஒரு மாதமாகத் தினமும் இன்பாக்ஸைத் திறந்து திறந்து பார்த்தேன், பயந்துபோய்த்தான் பார்த்தேன். நேற்றுப் பெயரை அடிக்கும்போதும் பயந்துகொண்டேதான் அடித்தேன்.

இன்றைக்கு மறுபடி அந்தப் பக்கத்தைத் திறந்தேன். இரண்டு பெயரும் இருக்கிறது, ஒன்றின் கீழ் ஒன்றாக. என் பெயர் ரொம்ப நன்றாக இருக்கிறது.